கண்ணை மூடிக்கொள்வது மரியாதை அல்ல

நினைவு அழிந்துகொண்டிருக்கும் தாயையோ தந்தையையோ பெற்ற பிள்ளையே வரைவதைப் பற்றி நம் சூழலில் இரண்டு கருத்துகள்தான் உலவுகின்றன. அது பாவம் என்பது ஒன்று. அது மருந்து என்பது மற்றொன்று. முதல் தரப்பு மரபின் பெயரால் பேசுகிறது, இரண்டாம் தரப்பு உளவியலின் பெயரால் பேசுகிறது. இரு தரப்பினருமே அந்த ஓவியத்தின் முன் ஒரு நிமிடம் நின்று அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை இருவரோடும் சண்டை போடுவதற்காக எழுதப்படுகிறது.

சென்ற மாதம் கோவையில் நண்பர்கள் பதினைந்து பேர் கூடிய ஓர் அமர்வில் சோரப் ஹுராவின் புகைப்பட நூல்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நாற்பது ஆண்டுகளாகச் சிற்றிதழ் வாசிக்கும் மூத்த நண்பர் ஒருவர் எழுந்து, "பெத்தவளக் கொண்டுபோயி சந்தையில நிறுத்தறதுங்க இது. இதுக்குப் பேரு கலையாங்க?" என்றார். அடுத்துப் பேசிய தோழி மிகுந்த கனிவோடு, "அப்படிச் சொல்லாதீங்கண்ணா, அந்தப் பையனுக்கு அது ஒரு தெரபி" என்றார். அவை இரண்டாகப் பிரிந்தது. அந்த இரண்டில் எதிலும் எனக்கு இடமில்லை. அன்று நேரமில்லாமல் போனதால் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஹுராவை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். 1981இல் பிறந்த இந்தியப் புகைப்படக் கலைஞர். 1999 கோடையில் அவருடைய தாய்க்குத் தீவிரமான மனச்சிதைவு நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அப்போது அவருக்கு வயது பதினேழு. பின்னாளில் அவர் தாயையும் அந்த வீட்டையும், வீட்டிலிருந்த எல்ஸா என்ற நாயையும் படமெடுத்தார். 2015இல் 'லைஃப் இஸ் எல்ஸ்வேர்' என்ற நூல் வந்தது. 2018இல் 'லுக் இட்ஸ் கெட்டிங் சன்னி அவுட்சைட்' வந்தது. முதல் நூல் கறுப்பு வெள்ளை. அதில் வீடு குகையாக இருக்கிறது. இரண்டாவது நூல் வண்ணம். அதில் சன்னல் திறந்திருக்கிறது, தாய் சிரிக்கிறார், நாய்க்கு வயதாகிறது. 2024 இறுதியில் நியூயார்க்கின் மோமா பிஎஸ்1 கூடத்தில் நடந்த அவருடைய கண்காட்சிக்குப் பெயரே 'மதர்'.

மனச்சிதைவு வேறு, முதுமையில் வரும் நினைவிழப்பு வேறு. அதை நான் குழப்பவில்லை. ஆனால் மகனுக்கு நேர்வது ஏறத்தாழ ஒன்றே: எதிரே இருப்பவரின் உடல் தெரிந்த உடல், உள்ளே இருப்பவர் யார் என்று ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது. நினைவிழப்பையே நேரடியாக வரைந்தவர்களும் இருக்கிறார்கள். 'நியூயார்க்கர்' இதழின் கேலிச்சித்திரக்காரர் ராஸ் சாஸ்ட் தன் பெற்றோரின் கடைசி ஆண்டுகளை 2014இல் ஒரு சித்திர நூலாக்கினார். தந்தைக்கு மூப்பில் நினைவு தப்பியது, தாய் 97 வயதுவரை இருந்தார். நூல் முழுக்கக் கோணல்மாணலான வேடிக்கைக் கோடுகள். பராமரிப்புக்கு ஆகும் செலவு, தீர்ந்துகொண்டே வரும் சேமிப்பு, அதைக் கணக்கிடும் மகளின் குற்றவுணர்வு எல்லாம் அதில் உண்டு. கடைசிப் பக்கங்களில் வேடிக்கை நின்றுவிடுகிறது. படுக்கையில் கிடக்கும் தாயை அவர் நேரே பார்த்து வரைந்த சாதாரணக் கோட்டோவியங்கள் மட்டும் வருகின்றன. வாழ்நாள் முழுக்கப் பழகிய பாணியை அந்த இடத்தில் அவர் கீழே வைத்துவிடுகிறார். அதை ஒரு கலை முடிவாகவே நான் பார்க்கிறேன்.

அமெரிக்க மருத்துவ மானுடவியலாளர் டேனா வால்ரத் வேறொரு வழியில் போனார். அவருடைய தாயின் பெயர் ஆலிஸ். அல்சைமர் வந்த தாயைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட அவர், லூயிஸ் கரோலின் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' நூலின் பக்கங்களை வெட்டி ஒட்டி, தாய் வீட்டில் அணியும் அங்கியை உருவாக்கினார். நூலின் பெயர் 'ஆலிஸைமர்ஸ்'. தாயை நோயாளியாக வரையாமல், வேறொரு தர்க்கம் கொண்ட உலகத்துக்குள் விழுந்த ஒருத்தியாக வரைந்தார்.

இனி முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இது நம் பண்பாடு இல்லை என்கிறார்கள். பெற்றவரின் தளர்ச்சியைக் காட்டுவது மேல்நாட்டு வழக்கம், நாம் பெற்றவரைத் தெய்வமாக வைத்திருப்பவர்கள் என்கிறார்கள்.

எந்தப் பண்பாடு? கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் நடராசரின் காலடியில் காரைக்கால் அம்மையார் உட்கார்ந்திருக்கிறார். எலும்பு தெரியும் உடல், வற்றிய மார்பு, கையில் தாளம். சோழர் காலச் செப்புத்திருமேனிகளிலும் அதே உடல்தான். அழகு என்று உலகம் சொல்லும் அனைத்தும் உதிர்ந்த அந்த மூதாட்டியைத்தான் சிவன் அம்மை என்று அழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தச் சிற்பி கண்ணை மூடிக்கொண்டா செய்தான்? ஒவ்வொரு விலா எலும்பையும் எண்ணிச் செய்திருக்கிறான். காக்கைக் கொடியும் கழுதையும் துடைப்பமும் கொண்ட மூத்ததேவியைப் பல்லவர் காலத்தில் சரிந்த வயிறும் தளர்ந்த மார்புமாகச் செதுக்கி வழிபட்டார்கள். அவளை மூதேவியாக்கி மூலையில் கிடத்தியது பின்னால் வந்த நாம். முதுமையை உற்றுப் பார்ப்பது தமிழனுக்குப் புதிதல்ல. பார்க்காமல் இருப்பதுதான் புதிது.

மேல்நாட்டிலும் இது இன்றைய மோஸ்தர் கிடையாது. ஆல்பிரெக்ட் டியூரர் 1514 மார்ச்சில் தன் 63 வயதுத் தாய் பார்பராவைக் கரியால் வரைந்தார். பதினெட்டுப் பிள்ளைகள் பெற்ற உடம்பு. ஒன்றையொன்று பார்க்காமல் விலகி நிற்கும் கண்கள், கழுத்தில் புடைத்த நரம்புகள், ஒட்டிய கன்னம். இரண்டு மாதத்தில் அவர் இறந்தார். அந்தச் செய்தியை அதே தாளில் டியூரர் மையால் எழுதிச் சேர்த்தார். ஐந்நூறு ஆண்டுகளாக அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் எவரும் அது தாய்க்குச் செய்த அவமானம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் இன்றைய பண்பாடு எது என்று நேர்மையாகப் பார்ப்போம். நம் வீடுகளில் பெற்றோர் படமாவது செத்த பிறகுதான். அந்தப் படமும் இருபது ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்ததாக இருக்கும். அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, ஸ்டுடியோக்காரர் சுருக்கங்களை அழித்து, நீல வானத்தைப் பின்னால் வைத்துக் கொடுப்பார். காந்திபுரத்திலும் சூலூரிலும் பல்லடத்திலும் மறுநாள் காலையில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் சிரிக்கும் அந்த முகத்துக்கும், முந்தின நாள்வரை உள்ளறையில் கிடந்த முகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. கடைசி ஐந்தாண்டுகளை மொத்தக் குடும்பமும் சேர்ந்து வெட்டி எறிந்துவிடுகிறது. இதற்குத்தான் மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கொங்கு வட்டாரத்தில் இதற்கு இன்னொரு பெயர் உண்டு: மானம். பெரியவருக்கு 'நெனப்பு தப்பிப்போச்சு' என்பது வெளியே தெரிந்தால் வீட்டில் இருக்கும் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள் யோசிப்பார்கள். காட்டுப் பத்திரத்தில் அவர் போட்ட கையெழுத்து செல்லுமா என்று பங்காளிகள் கேட்பார்கள். ஆகவே சீர், விசேஷம் என்றால் அவரை யாராவது ஒருவர் பொறுப்பில் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. விசாரிப்பவர்களிடம் 'கால் வலீங்க' என்று சொல்லிவிடுவது அதைவிடப் பழைய வழக்கம். 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. அத்தனை பேரும் கால் வலியால் வீட்டில் இருக்கிறார்கள் என்று நம்ப வேண்டியதுதான்.

அதே சமூகம் இன்னொன்றும் செய்கிறது. கேட்டதையே பத்து முறை கேட்கும் தாத்தாவை, பேரனைத் திருடன் என்று நினைத்துத் திட்டும் பாட்டியைக் கைபேசியில் படமெடுத்து, பின்னணியில் வடிவேலு குரலைச் சேர்த்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிக்கிறது. மூத்த நண்பருக்கு ஒரு கேள்வி: சந்தையில் நிறுத்துவது எது? அரை நிமிடத்தில் எடுத்து அரை நிமிடத்தில் சிரித்து மறக்கும் அந்தக் காணொளியா, ஒரு மகன் ஆண்டுக்கணக்கில் தாயின் அருகே இருந்து எடுத்த படங்களா? முன்னதைப் பார்த்து நம்மில் எவருக்கும் கோபம் வருவதில்லை. பின்னதில் மட்டும் பண்பாடு புண்படுகிறது. சிரித்துவிட்டு நகர வழியில்லாதபோதுதான் நமக்கு மரபு ஞாபகத்துக்கு வருகிறது.

நான் ஓவியன் அல்ல. ஆனால் வரைகிறேன். இந்த விவாதத்தில் எனக்குப் பேச உரிமை உண்டு என்பதற்காக அதைச் சொல்கிறேன்.

என் அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேம் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆலை மூடிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அவருக்கு மட்டும் இன்னும் சங்கு ஊதுகிறது. அதிகாலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஷிப்டுக்காக வாசலில் நிற்பார். பகலெல்லாம் அவருடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து போர்வை விளிம்பில் ஒரு சிறு திருகு திருகிக்கொண்டே இருக்கும். நரம்பு நடுக்கம் என்றுதான் வந்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அந்தக் கையை வரைய ஆரம்பித்தேன். இருபது தாள்களுக்கு மேல் ஆனபோதுதான் விரல்கள் போகும் வரிசை பிடிபட்டது. எடுக்கிறது, மேலே கொண்டுபோகிறது, திருகுகிறது, விடுகிறது. அறுந்த இழையை ஒட்டுகிறார். ஓடும் எந்திரத்தில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை செய்த வேலை. மகன் பெயர் போன பிறகும் அது போகவில்லை. ஊர் பெயர், தெரு பெயர், தெரிந்தவர்களின் பெயர்கள் எல்லாம் கலைந்த பிறகும், கைக்குப் பழகியவை நெடுநாள் நிற்கும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். நான் அதைத் தாளில் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டோம். ஒரு நூல்கண்டை வாங்கிக் கையில் கொடுத்தோம்.

இன்னொன்றும் வரைந்ததால்தான் கண்ணில் பட்டது. அவர் நடப்பதை வரையும்போது எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் நின்றார். குளியலறை வாசலில் கிடந்த கறுப்பு மிதியடிக்கு முன்னால். இந்த நோயில் கண் பார்ப்பதை மூளை வேறாகப் புரிந்துகொள்ளலாம், தரையில் கிடக்கும் கறுப்பு விரிப்பு பள்ளமாகத் தெரியலாம் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். மிதியடியை எடுத்தோம். குளிக்க வரமாட்டேன் என்று அவர் செய்த பிடிவாதம் பாதியாகக் குறைந்தது.

இவை ஆறுதல்கள் அல்ல, தகவல்கள். வரைவது எனக்கு அளித்தது தகவலைத்தான். ஆறுதல் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல ஒரு நாள்தான் இருக்கிறது. எதிரே உட்கார்ந்து முகத்தை வரைந்துகொண்டிருந்தேன். அப்பா நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க? காப்பி குடிச்சீங்களா?" என்று கேட்டார். என்னை வாழ்நாளெல்லாம் 'கண்ணு' என்றும் 'டேய்' என்றும் கூப்பிட்டவர். கோவைத் தமிழின் மரியாதையை ஊரெல்லாம் புகழ்கிறது. அந்த 'ங்க' தன் மகன்மீது வந்து விழும் நாள் எப்படி இருக்கும் என்பதைப் புகழ்பவர்கள் அறியமாட்டார்கள். குடிச்சேனுங்க என்று சொல்லிவிட்டு மேலே வரைந்தேன். அந்தப் படத்தில் அவர் முகத்தில் இருப்பது வந்த விருந்தாளியை உபசரிக்கும் ஒரு மனிதரின் முகம். நோயாளியின் முகம் கிடையாது. அதை நான் அன்று அழுதுகொண்டு எழுந்து போயிருந்தால் பார்த்திருக்க மாட்டேன்.

இப்போது தோழிக்கு வருகிறேன். அவர் சொன்ன சொல்லில் பரிவு இருக்கிறது. அந்தப் பரிவுதான் எனக்குச் சிக்கல். கலை உடல்நலத்துக்கு உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து அதைச் சொல்லியிருக்கிறது. பராமரிப்பவர் ஒருவர் மாலையில் அரை மணி நேரம் வண்ணம் தீட்டி மனம் இளகினால் அது நல்லதே. ஆனால் கோவையின் அடுக்ககங்களில் ஞாயிறுதோறும் நடக்கும் மண்டலா வகுப்புகளில் கற்றுத்தரப்படுவது பார்வையை உள்ளே திருப்புவது. கோட்டுக்குள் வண்ணம் நிரப்பு, மூச்சைக் கவனி, உன்னை ஆற்றிக்கொள். நான் பேசும் கலை பார்வையை வெளியே, எதிரே இருப்பவர்மீது திருப்புவது. அது வரைபவரை ஆற்றும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பல நாள் அது தூக்கத்தைக் கெடுக்கும்.

தெரபி என்று சொன்ன மறுகணமே ஓவியம் பார்க்கப்பட வேண்டிய பொருளாக இல்லாமல் போகிறது. மாத்திரை அட்டையை யாரும் ரசிக்கமாட்டார்கள், நன்றாக இருக்கிறது இல்லை என்று விமர்சிக்கவும் மாட்டார்கள். ஹுராவின் படம் வெறும் மருந்து என்றால், அவர் ஏன் முதல் நூலைக் கறுப்பு வெள்ளையில் வைத்தார், ஏன் இரண்டாவதை வண்ணத்தில் வைத்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. சாஸ்ட் ஏன் கடைசியில் கேலிக் கோட்டைக் கைவிட்டார் என்பதும் தேவையற்ற கேள்வியாகிவிடும். மூத்த நண்பர் அந்தப் படங்களைத் தடை செய்ய விரும்புகிறார். தோழி அவற்றை மன்னித்துவிடுகிறார். மன்னிக்கப்பட்ட கலைக்கும் தடை செய்யப்பட்ட கலைக்கும் ஒரே கதிதான். இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை.

மருத்துவம் பார்க்காமல் இல்லை. அதற்கு ஒரு பார்வை உண்டு. அலோயிஸ் அல்சைமர் 1906இல் டூபிங்கனில் ஒரு நோயாளியைப் பற்றி உரையாற்றினார். அவுகுஸ்த டேட்டர் என்ற அந்தப் பெண்ணின் முகத்தை இன்று உலகம் அறியும். மருத்துவமனையில் எடுத்த புகைப்படம் அது. கோப்பில் கிடந்து 1995இல் மறுபடி கிடைத்தது. இந்த நோய்க்கு முதல் முகம் கொடுத்தது கோப்பு. லண்டனில் வாழ்ந்த ஓவியர் வில்லியம் உட்டர்மோலன் 1995இல் அல்சைமர் கண்டறியப்பட்ட பிறகும் சில ஆண்டுகள் தன் முகத்தையே வரைந்தார். 2007இல் இறந்தார். அவருடைய தற்சித்திரங்களை வரிசையாக அடுக்கி, மூளை எப்படிச் சிதைகிறது பாருங்கள் என்று இன்று இணையமெங்கும் காட்டுகிறார்கள். காது இடம் மாறியது, கண் மறைந்தது என்று கணக்கெடுக்கிறார்கள். வரைய முடியாதபோதும் வரையத் துணிந்த ஒரு கலைஞனின் தேர்வுகளை யாரும் கணக்கெடுப்பதில்லை. எந்தக் கோட்டை அவர் அழித்தார், எந்த நிறத்தை அவர் வேண்டுமென்றே வைத்தார் என்று கேட்கும் பொறுப்பு கலை வாசகர்களுடையது. அதை நாம் நரம்பியலாளர்களிடம் ஒப்படைத்துவிட்டோம்.

நம் சினிமாவும் இதற்கு விதிவிலக்காக இல்லை. கன்னடத்தில் 2016இல் வந்த படம் ஒன்று 2018இல் தமிழில் '60 வயது மாநிறம்' ஆனது. காணாமல் போன அல்சைமர் தந்தையை மகன் தேடுகிறான். படம் பொறுப்பாக எடுக்கப்பட்டதுதான், நடிப்பும் குறைவில்லை. ஆனால் நம் கதைகளுக்கு இந்த நோய் பயன்படுவது காணாமல் போவதற்கும் கண்டுபிடிக்கப்படுவதற்கும்தான். காணாமல் போகாமல் வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தந்தையைப் பற்றிய கதை நம்மிடம் இல்லை. கண்டுபிடித்த மறுநாள் காலையிலிருந்துதான் உண்மையான கதை தொடங்குகிறது.

இதுவரை எளிய எதிராளிகளோடு பேசினேன். இனி உண்மையான கேள்வி. அமர்வில் யாரும் கேட்காத கேள்வி அது: அவர் சம்மதித்தாரா? தான் யார் என்றே அறியாதவர் தன்னை வரையச் சம்மதிக்க முடியுமா? முடியாவிட்டால் வரைவதற்கு மகனுக்கு என்ன உரிமை?

பெற்ற பிள்ளை என்பது உரிமை ஆகாது. அந்த உரிமையின் பெயரால்தான் நிலப் பத்திரத்தில் பெருவிரல் ரேகை வாங்கப்படுகிறது. என் அனுபவத்திலிருந்து நான் வந்து சேர்ந்த இடம் இது: சம்மதம் சொல்லும் திறன் போன பிறகும் மறுப்புச் சொல்லும் திறன் நெடுநாள் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்வது, போர்வையை இழுத்துக்கொள்வது, கையைத் தட்டிவிடுவது எல்லாமே மொழிதான். வரைபவன் பென்சிலைக் கீழே வைக்க வேண்டிய கணம் அது. கேமராவைவிடப் பென்சிலுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. கேமரா நொடியில் எடுத்துவிடும், மறுக்க அவகாசம் தராது. பென்சிலுக்கு அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரமும் எதிரே இருப்பவரின் தயவில் கழிகிறது.

இரண்டாவது, வரைவது வேறு, காட்டுவது வேறு. என் காலண்டர்த் தாள்கள் ஒரு ட்ரங்குப் பெட்டியில் இருக்கின்றன. கைகளை நண்பர்களுக்குக் காட்டியிருக்கிறேன். முகங்களைக் காட்டியதில்லை. குளியலறையில் வரைந்தது எதுவும் இல்லை, வரையமாட்டேன். இது என் எல்லை. ஹுராவின் எல்லை வேறு, சாஸ்டின் எல்லை வேறு. எல்லை எங்கே என்று விவாதிப்போம், வாருங்கள். அது கலையைப் பற்றிய விவாதமாக இருக்கும். எல்லைக்கு இந்தப் பக்கமே வராதே என்பது விவாதம் ஆகாது.

மூன்றாவது, இதுதான் எனக்கு மிக முக்கியமானது: துடைக்கும் கைக்குத்தான் வரைய உரிமை. நம் வீடுகளில் பராமரிப்பு யார் தலையில் விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மருமகள் மலத்துணி அலச, மகன் வந்து தந்தையின் துயரத்தை வரைந்து கண்காட்சி வைத்தால் அது திருட்டு. அவளுடைய உழைப்பின் மேல் உட்கார்ந்து அவன் உணர்ச்சி சம்பாதிக்கிறான். மூத்த நண்பர் இந்தத் திசையிலிருந்து தாக்கியிருந்தால் நான் எழுந்து அவர் பக்கம் நின்றிருப்பேன். வால்ரத் தாயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் என்பதால்தான் அந்த அங்கியின் மடிப்புகளை நான் நம்புகிறேன்.

இதையெல்லாம் பேச நமக்கு இடம் வேண்டும். அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் ஓவியக் கூடமும் நெசவு அருங்காட்சியகமும் இருக்கின்றன. பருத்தி நூலாகித் துணியாகும் கதையைப் பாதுகாக்க வேண்டும் என்று நினைத்த ஒரு மனிதர் இந்த ஊரில் இருந்தார் என்பது பெருமைக்குரியது. 1888இல் முதல் ஆலை வந்த ஊர் இது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பின் ஆலைகள் பெருகின. அந்த ஆலைகளில் நின்ற தலைமுறையின் கடைசி ஆட்கள் இன்று எழுபதிலும் எண்பதிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு நினைவு கலைந்துகொண்டிருக்கிறது. எந்திரங்களை வைக்க நமக்குக் கூடம் உண்டு. அந்த எந்திரங்களில் இழை ஒட்டிய விரல்களை வைக்கக் கூடம் இல்லை. அந்த விரல்கள் இப்போது போர்வை விளிம்புகளில் இருக்கின்றன. அவற்றை வரையவும் எழுதவும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்த ஊரின் ஓவியக் கூடங்களும் சிற்றிதழ்களும் அத்தகைய படைப்புகளுக்கு ஆண்டில் ஒரு வாரமோ ஓர் இதழோ ஒதுக்கட்டும். நன்றாக இல்லாதவற்றை நன்றாக இல்லை என்று சொல்லவும் செய்யட்டும். பரிதாபத்துக்காக ஒரு மோசமான ஓவியத்தைப் பாராட்டுவதும் பார்க்க மறுப்பதன் இன்னொரு வடிவமே.

மரபு என்று பேச ஆரம்பித்தவர்களுக்கு மரபிலிருந்தே ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இறந்தவருக்காகப் புலம்ப நம்மிடம் ஒப்பாரி இருக்கிறது, கையறுநிலை என்ற துறை இருக்கிறது. புறநானூற்றில் கையறுநிலைப் பாடல்கள் பெரும்பாலும் இறந்த தலைவனைப் பற்றியவை. ஆனால் தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243ஆம் பாடலில் சாவு இல்லை. தடியூன்றி, இருமலுக்கு இடையே சில சொற்கள் பேசும் ஒரு முதியவர் தன் இளமை எங்கே போயிற்று என்று நினைத்துப் பார்க்கிறார். அவர் உயிரோடு இருக்கிறார். அதற்கும் துறை கையறுநிலை என்றே வகுத்திருக்கிறார்கள். ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடமிருந்து ஒன்று இறந்துபோகும், அதற்கும் புலம்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த முதியவரின் தடியையும் இருமலையும் எழுதியதற்காக அவரை யாரும் சந்தையில் நிறுத்தியதாகச் சொல்லவில்லை. பாட்டைத் தொகையில் சேர்த்தார்கள். நாம் இரண்டாயிரம் ஆண்டு பின்தங்கி நிற்கிறோம்.